'கேம் ரிசர்வ்': சரணாலயமா, காப்பகமா, காப்பு நிலமா?

அன்புடையீர்,

காட்டு விலங்குகளுக்காகத் தனியார் பேணும் பரந்த நிலத்தை ஆங்கிலத்தில் 'பிரைவேட் கேம் ரிசர்வ்' என்கிறார்கள்; இங்கே 'கேம்' என்பது விளையாட்டல்ல, வேட்டை விலங்கு. அதற்குத் தமிழில் ஒரு நிலையான சொல் வேண்டும் என்று நம் கலைச்சொல் குழுவில் தொடங்கிய உரையாடலில் இதுவரை 'தனியார் சரணாலயம்', 'தனியார் வனவிலங்குக் காப்பகம்', 'வேட்டை விலங்கு ஒதுக்கிடம்' ஆகிய மூன்று சொற்கள் வந்துள்ளன. இதற்கிடையே, இயந்திர மொழிபெயர்ப்பின் வழியாக 'விளையாட்டு இருப்பு' என்ற பொருளற்ற தொடர் சுற்றுலாப் பக்கங்களில் பரவி வருகிறது. நாம் காலந்தாழ்த்தினால் அதுவே நிலைத்துவிடுமோ என்ற கவலை எனக்கு உண்டு. 'தனியார் கானுயிர்க் காப்பு நிலம்' என்பது என் முன்மொழிவு. காரணங்களைக் கீழே எழுதுகிறேன்.

இந்தச் சொல் எதைக் குறிக்கிறது என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ள வேண்டும். தென்னாப்பிரிக்காவின் குரூகர் தேசியப் பூங்காவை ஒட்டி அமைந்துள்ள சாபி சாண்ட், பல நில உரிமையாளர்கள் 1948இல் ஒன்றுசேர்ந்து உருவாக்கிய அமைப்பு. அதற்கும் குரூகருக்கும் இடையே இருந்த வேலி 1993இல் அகற்றப்பட்டது. அன்றிலிருந்து ஒரு சிறுத்தையின் வாழிடம் அரசுப் பூங்காவிலும் தனியார் நிலத்திலுமாகப் பரந்து கிடக்கலாம். அது எல்லையைக் கடக்கும்போது யாருடைய உடைமையாகவும் மாறுவதில்லை. காட்டு விலங்கு பிடிபடும்வரை உரிமையாளரற்றது என்பதே அந்நாட்டின் பழைய சட்ட மரபு. ஆனால் 1991ஆம் ஆண்டின் வேட்டை விலங்குத் திருட்டுச் சட்டம், போதிய வேலியிட்டதற்குச் சான்றிதழ் பெற்ற நிலத்திலிருந்து விலங்கு தப்பிச் சென்றாலும், அதன் மீது நில உரிமையாளருக்குள்ள உரிமை அழியாது என்று விதித்தது. ஆகவே விலங்கின் மீதான உரிமை வேலியையும் சான்றிதழையும் பொறுத்து மாறுகிறது; எல்லா இடங்களுக்கும் பொதுவாக இருப்பது நிலத்தின் தனியுடைமைதான். அதனால்தான் சொல்லின் முடிவில் 'நிலம்' நிற்க வேண்டும் என்கிறேன். 'தனியார்' என்ற அடை 'கானுயிர்' என்பதை ஒட்டி வருவதால் பொருள் மயங்கும் என்று ஒருவர் கேட்கக்கூடும். 'தனியார் கண் மருத்துவமனை' என்னும்போது கண்ணைத் தனியாருடையதாக யாரும் கொள்வதில்லை. இறுதிச் சொல்லே அடையை ஏற்றுக்கொள்கிறது.

'சரணாலயம்' இரண்டு காரணங்களால் பொருந்தாது. நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அரசு அறிவிக்கும் ஒரு வகைப் பகுதிக்கு அச்சொல் ஏற்கெனவே உரியதாகிவிட்டது. அதைவிட முதன்மையான காரணம், அடைக்கலம் என்ற பொருளை அது தன்னுள்ளே சுமந்து நிற்பது. தென்னாப்பிரிக்காவின் தனியார் நிலங்களில் சிலவற்றில் உரிமத்துடன் வேட்டை இன்றும் நடக்கிறது. சிலவற்றில் பார்வையாளர் வருகை மட்டுமே உண்டு. வேட்டை நடக்கும் நிலத்தையும் சரணாலயம் என்றழைத்தால், படிப்பவருக்கு நாம் தவறான உறுதியைக் கொடுத்தவர்களாவோம்.

'காப்பகம்' பற்றித்தான் நான் நெடுநேரம் யோசித்தேன். புலிகள் காப்பகம், உயிர்க்கோளக் காப்பகம் என்று அது வேரூன்றியிருப்பதை மறுக்க முடியாது. அவற்றை மாற்றவும் தேவையில்லை. ஆனால் அவை அரசு அறிவிப்பால் பெயர் பெற்றவை என்பதால் குழப்பம் எழுவதில்லை. தனியார் என்ற அடையோடு சேர்ந்தவுடன் 'காப்பகம்' முதியோர் காப்பகத்தையும் குழந்தைகள் காப்பகத்தையும் நினைவூட்டி, ஆதரவற்ற உயிர்களைக் கட்டடத்துக்குள் வைத்துப் பேணும் இடம் என்ற உருவத்தை எழுப்புகிறது. உண்மை இதற்கு நேர்மாறானது. தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் உள்ள பிண்டா என்ற தனியார் நிலம், 1990களின் தொடக்கத்தில் மாட்டுப்பண்ணைகளும் அன்னாசித் தோட்டங்களும் இருந்த நிலங்களை மீட்டு உருவாக்கப்பட்டது. அங்கே 1992இல் கொண்டுவந்து விடப்பட்ட சிங்கங்களுக்கு யாரும் இரை வைப்பதில்லை. அவை தாமே வேட்டையாடுகின்றன, தாமே எல்லை வகுக்கின்றன. மனிதர் பேணுவது நிலத்தையும் வேலியையும் காவலையும்தான்.

இதே அளவுகோல் இனப்பெருக்கப் பண்ணைகளைப் பிரித்தறியவும் உதவும். தென்னாப்பிரிக்காவில் தனியார் ஒருவர் பண்ணை முறையில் பெருக்கி வைத்திருந்த 2,000 வெள்ளைக் காண்டாமிருகங்களை ஆப்பிரிக்கன் பார்க்ஸ் என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு 2023இல் விலைக்கு வாங்கி, பத்தாண்டுகளில் பாதுகாக்கப்பட்ட இயற்கை நிலங்களில் அவற்றை விடும் திட்டத்தை அறிவித்தது. பண்ணையும் காப்பு நிலமும் ஒன்றல்ல என்பதை இதைவிடத் தெளிவாக எந்த வரையறையும் சொல்லாது. இரண்டையும் 'தனியார் வனவிலங்குக் காப்பகம்' என்ற ஒரே பெயரில் அடைத்தால் அந்த வேறுபாடு தமிழில் மறைந்துபோகும்.

'வேட்டை விலங்கு ஒதுக்கிடம்' என்பதை முன்வைத்தவர் மூலச்சொல்லின் வரலாற்றை மதித்தே அதைச் செய்தார். பின்னாளில் குரூகர் தேசியப் பூங்காவாக விரிந்த சாபி கேம் ரிசர்வ் 1898இல் அறிவிக்கப்பட்டபோது, வேட்டையால் அருகிப்போன விலங்குகளைப் பெருகவிடுவதே நோக்கம். ஆனால் இன்று இத்தகைய நிலங்களுக்குச் செல்பவர்கள் பறவைகளையும் சாண வண்டுகளையும் மரங்களையும்கூடப் பார்க்கிறார்கள். குரூகரை ஒட்டியுள்ள திம்பவாட்டி போன்ற தனியார் நிலங்கள் தம் பெயரிலேயே 'இயற்கை' என்ற சொல்லை வைத்துக்கொண்டிருக்கின்றன. வரலாற்றை விளக்கக் குறிப்பில் எழுதலாம். பெயரில் ஏற்ற வேண்டாம். 'கானுயிர்' என்பது விலங்கு, பறவை, பூச்சி அனைத்தையும் தழுவுவதால் அதுவே தகும்.

பார்வையாளர் அனுபவம் சார்ந்த துணைச்சொற்களையும் இப்போதே முடிவுசெய்துவிடுவது நல்லது. விலங்குகளைக் காண வண்டியில் சுற்றிவரும் 'கேம் டிரைவ்' என்பதற்குக் 'கானுலா' எனக்கு உவப்பானது. பழைய உலா நூல்களில் உலாப் போகும் தலைவனைத் தெருவில் நிற்பவர்கள் கண்டார்கள். இங்கே உலாப் போகிறவரே காண்பவர். சுற்றுலா என்ற சொல்லிலேயே அந்த மாற்றம் நிகழ்ந்துவிட்டதால் தயக்கம் வேண்டியதில்லை. நடந்து செல்வதைக் 'கால்நடைக் கானுலா' என்றால் ஆடுமாடுகளை நினைக்க நேரும். 'நடைக் கானுலா' போதும்.

'ரேஞ்சர்' என்பதை 'வனச்சரகர்' என்று பெயர்ப்பதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். வனச்சரகர் அரசு அலுவலர். தனியார் நிலத்தில் திறந்த வண்டியை ஓட்டி, விளக்கம் சொல்லி, பார்வையாளரின் பாதுகாப்புக்குப் பொறுப்பேற்பவர் 'கள வழிகாட்டி'.

விலங்கு கண்ணில் படுவதைக் குறிக்கும் 'சைட்டிங்' என்பதற்குக் 'காட்சி' என்று வந்துள்ளது. 'தென்படல்' என்று திருத்த விரும்புகிறேன். தனியார் நிலங்களில் ஒரு சிறுத்தையையோ சிங்கத்தையோ பின்தொடர வண்டி பாதையை விட்டு இறங்க இடமுண்டு. குரூகரில் தம் வண்டியில் செல்லும் பார்வையாளருக்கு அது கிடையாது. இந்தக் கூடுதல் உரிமைக்கு ஈடாகத்தான் ஓரிடத்தில் நிற்கும் வண்டிகளின் எண்ணிக்கைக்கு வரம்பு, ஈரமண்ணில் இறங்கத் தடை, பகலில் இயங்கும் விலங்குகள்மீது இரவில் ஒளி பாய்ச்சாமை ஆகிய கட்டுப்பாடுகள் வைக்கப்படுகின்றன. 'காட்சி' பணம் கட்டியவருக்குக் காட்டப்படுவது. 'தென்படல்' விலங்கின் செயல். வழிகாட்டிகளுக்கான தமிழ்க் கையேடுகள் எழுதப்படும்போது இந்த வேறுபாடு அவர்களின் நடத்தையிலும் எதிரொலிக்கும் என்று நம்புகிறேன்.

வண்டியின் முன்புறத்து இருக்கையில் அமர்ந்து, காலடிகளையும் முறிந்த புல்லையும் பறவைகளின் எச்சரிக்கைக் குரலையும் கொண்டு விலங்கைத் தேடும் 'டிராக்கர்' என்பவருக்குத் 'தடமறிவாளர்' என்று நான் எழுதி வைத்திருந்தேன். ஆனால் அது ஏட்டறிவால் கட்டிய சொல். காட்டில் தடம் பார்த்தே வாழ்ந்தவர்களிடம் இதற்கு வழங்குசொல் இருக்கவே செய்யும். அவர்களோடு பணிபுரியும் உறுப்பினர்கள் கேட்டறிந்து எழுதும்வரை நம் சொற்பட்டியலில் அந்தப் பதிவை மட்டும் நிரப்பாமல் வைத்திருப்போம்.