நாக்கைப் பிடித்து இழுத்த ரியோஹா

ஸ்பெயினில் பில்பாவோவுக்கு வேலைக்கு வந்த புதிதில் நடந்தது. அங்கிருந்து தெற்கே காரில் ஒரு மணி நேரம் போனால் ஆரோ, ரியோஹா என்ற ஒயின் வட்டாரத்தின் பழைய ஊர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிலாக்சரா பூச்சி பிரான்சுத் திராட்சைத் தோட்டங்களை அழித்தபோது அங்கிருந்த போர்தோ ஊர் ஒயின் வியாபாரிகள் சரக்குத் தேடி இங்கேதான் வந்தார்கள். ரயிலில் ஏற்ற வசதியாக நிலையத்தை ஒட்டியே கிடங்குகள் எழும்பின, 1877இல் தொடங்கிய லோபெஸ் தே எரேதியா ஒயின் நிறுவனம் இன்றும் அதே இடத்தில் இருக்கிறது.

அந்த ஊர்க் கடையொன்றில் ரெசர்வா, அதாவது சில வருடம் வைத்திருந்து பதமான பிறகே விற்கிற ஒயின், இரண்டு வகை வாங்கினேன், ஒவ்வொன்றிலும் இரண்டு பாட்டில். முதலாவது திறந்ததுமே மயக்கிவிட்டது. அமெரிக்க ஓக் பீப்பாயில் கிடந்ததால் வெனிலாவும் தேங்காய் பர்பி மாதிரி ஒரு வாசனையும், வாயில் வழுக்கிக்கொண்டு போனது. மற்றது? நெல்லிக்காயைக் கடித்த மாதிரி ஈறெல்லாம் இழுத்துப் பிடித்தது, அதற்கு மேல் புளிப்பு வேறு. காசு போச்சே என்று தக்கையைத் திருப்பிச் செருகி அடுப்படி அலமாரியில் வைத்துவிட்டு மறந்துபோனேன்.

மூன்றாம் நாள் கொட்டப் போகும்போது சும்மா ஒரு வாய் வைத்துப் பார்த்தேன். செர்ரி, புகையிலை, லேசாகத் தோல் வாசனை என்று அப்போதுதான் வாயைத் திறந்து பேசவே ஆரம்பித்திருந்தது. மயக்கினதோ மறுநாளே சவசவத்துப் போயிருந்தது.

அப்புறம்தான் விஷயம் பிடிபட்டது. துவர்ப்பும் புளிப்பும்தான் ஒயினைத் தாங்கும் எலும்பு, ஆனால் அதற்குள் பழச்சுவை அடர்த்தியாக இருந்தாக வேண்டும், வெறும் துவர்ப்பு மட்டும் இருந்தால் பத்து வருடம் கழித்தும் வெறும் துவர்ப்புதான். இங்கத்து முக்கியத் திராட்சையான தெம்ப்ரானியோவில் புளிப்பு அவ்வளவாக நிற்காது, அதனால்தான் கிராசியானோ என்ற இன்னொரு திராட்சையைக் கொஞ்சம் கலக்கிறார்கள். ரெசர்வா என்றால் மொத்தம் மூன்று வருடம், அதில் குறைந்தது ஒரு வருடம் பீப்பாயில். லேபிள் சொல்வது அது இதுவரை காத்திருந்த கணக்கு, இனிமேல் தாங்குமா என்பதை நாக்குதான் சொல்ல வேண்டும்.

மிச்சம் இரண்டையும் ஆறு வருடம் கழித்துத் திறந்தேன். மயக்கினது உலர்திராட்சை ஊறின தண்ணீர். மற்றதில் நாவல்பழ நிறம் போய் ஓரத்தில் செங்கல் நிறம் ஏறியிருந்தது, துவர்ப்பெல்லாம் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு அடியில் மண்டியாக இறங்கியிருந்தது, மேலே தெளிந்தது அவ்வளவு பட்டு. அன்று வீட்டில் யாருக்கும் இரண்டாவது கிளாஸ் கிடைக்கவில்லை, எனக்குத்தான் கிடைத்தது.

* * *

இதைப் படித்த ஒருவர் எழுதிய பதில்: நீங்களாவது நாக்கால் ஏமாந்தீர்கள், நான் மதிப்பீட்டில் சரியாக இருந்தும் கோட்டை விட்டவன். 2010 ரியோஹாவில் அருமையான வருடம், அந்த வருடத்து கிரான் ரெசர்வா, அதாவது ரெசர்வாவைவிட அதிக காலம் காத்திருந்த வகை, இரண்டு பாட்டில் வாங்கி, ருசி பார்த்தவரை இன்னும் இருபது வருடம் ஓடும் என்று கணக்குப் போட்டு, ஒன்றை மட்டும் எடுத்து ஃபிரிட்ஜ் மேலே நிற்க வைத்தேன். மாட்ரிட் வெயில், ஃபிரிட்ஜ் சூடு, தக்கை காய்ந்து சுருங்கி நாலே வருடத்தில் காடிக்கு அரைத் தூரம் போயிருந்தது. மாட்டுவால் குழம்பில் ஊற்றினேன், குழம்பு என்னவோ நன்றாகத்தான் வந்தது. இன்னொன்று கட்டிலுக்கு அடியில் படுத்திருக்கிறது, வீட்டிலேயே குளுமையான இடம் அதுதான், என் மனைவி பெருக்கும்போது மட்டும் உருளும்.