சானல் கரையோடு நடந்தவர்கள்: குமரியின் மேற்கு எல்லையில் சில அனுபவங்கள்

தொடங்கி வைப்பவர்:

கன்னியாகுமரி மாவட்டம் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு முக்கடல் கூடும் இடமும் விவேகானந்தர் பாறையும்தான் நினைவுக்கு வருகின்றன. கேரள எல்லையை ஒட்டிய விளவங்கோடு, கல்குளம் பகுதிகளில் பிறந்து வளர்ந்த எங்களுக்கோ ஊர் என்றால் ஆறும் சானலும் ரப்பர் தோட்டமும்தான். மலையேறிப் பழக்கமில்லாதவர்களும் சிரமமின்றி நடக்கக்கூடிய பாதைகள் அங்கே ஏராளமாக இருக்கின்றன. அப்படி நடந்தபோது வழியில் யாரைச் சந்தித்தீர்கள், எதைப் பார்த்தீர்கள் என்பதை இங்கே எழுதுங்கள். முதலில் என் அனுபவத்தைச் சொல்கிறேன்.

கால்வாயை நாங்கள் சானல் என்றே சொல்வோம். 1906-ல் கட்டி முடிக்கப்பட்ட பேச்சிப்பாறை அணையின் தண்ணீர் சானல்கள் வழியாகத்தான் வயல்களுக்கும் குளங்களுக்கும் போய்ச் சேருகிறது. சானல் நேராக இறங்காமல், குன்றுகளின் இடுப்பைச் சுற்றிக்கொண்டு மிக மெல்லிய சரிவில் ஓடுவதால், அதன் கரையில் நடப்பவருக்கு ஏற்றமோ இறக்கமோ தெரிவதில்லை. குன்றுகள் முடிந்து பள்ளம் குறுக்கிடும் ஓர் இடத்தில்தான், பறளியாற்றுக்கு மேலே மாத்தூர் தொட்டிப்பாலம் நிற்கிறது. 1966-ல் கட்டப்பட்ட அந்தப் பாலம் நூறு அடிக்கும் மேற்பட்ட உயரத்தில் தண்ணீரைத் தொட்டியில் சுமந்துகொண்டு அடுத்த குன்றுக்குக் கொண்டுபோகிறது. பாலத்தைப் பார்க்க வருகிறவர்களில் பெரும்பாலோர் அதன்மேல் நடந்து படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். பாலம் முடிந்த பிறகு கரையோடு தொடரும் நடைதான் எனக்குப் பிடித்தது.

சென்ற ஆண்டு விடுமுறையில் ஊருக்குப் போனபோது, இருள் முழுவதும் விலகாத நேரத்தில் அந்தக் கரையில் நடந்துகொண்டிருந்தேன். தோட்டத்துக்குள் ஒரு வெளிச்சம் மரத்துக்கு மரம் நகர்ந்துகொண்டிருந்தது. நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு ஒருவர் ரப்பர் மரங்களில் பால் வெட்டிக்கொண்டிருந்தார். வெயில் ஏறுவதற்குள் வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும் என்பது தெரியும் என்றாலும், அந்த வேலையை அருகில் நின்று பார்த்தது அன்றைக்குத்தான். முந்தைய வெட்டில் காய்ந்து ஒட்டியிருந்த ஒட்டுப்பாலை நாடா போல உரித்து இடுப்பிலிருந்த பையில் போட்டுக்கொண்டார். பிறகு வளைந்த கத்தியால் பட்டையில் ஒரு மெல்லிய தோலை மட்டும் சீவி இழுத்தார். சாய்வான அந்தக் கீற்றில் வெள்ளைப் புள்ளிகள் முதலில் வியர்வை போலத் துளிர்த்து, ஒன்றோடொன்று சேர்ந்து, தகரச் சில்லு வழியாகச் சிரட்டையில் சொட்டத் தொடங்கின. "ஆழமா போனா தடியில பட்டு முண்டு வந்திரும், பிறவு அந்தப் பக்கம் வெட்ட முடியாது" என்று, நான் கேட்காமலேயே விளக்கினார். முப்பது ஆண்டுகளாக வெட்டுவதாகச் சொன்ன அவர், விடியும்வரை பேசிக்கொண்டே வெட்டினார். அவருக்குப் பின்னால் ஏறக்குறைய நாற்பது மரங்கள் வரை நானும் நடந்தேன். எனக்குக் கிடைத்த மிக நல்ல நடை அதுதான்.

மதுரையிலிருந்து ஒருவர்:

நண்பரின் வீட்டுத் திருமணத்துக்காகத் திருவட்டாறு பக்கத்தில் ஜூன் மாதத்தில் நான்கு நாட்கள் தங்கியிருந்தேன். முதல் நாள் மாலை சானல் கரையில் நடந்தபோது சானல் காய்ந்து கிடந்தது. படிக்கட்டில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி, "எங்க போறிய மக்களே?" என்று விசாரித்துவிட்டு, "நாளைக்கு இதுல வெள்ளம் வந்திரும்" என்றார். வைகைக் கரையில் வளர்ந்தவனுக்கு வெள்ளம் என்றால் ஒரே பொருள்தான். மறுநாள் காலை நடையைக் கைவிட்டுவிட வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டு, சாயாக் கடைக்காரரிடம் எச்சரிக்கையாகக் கேட்டேன். அவர் குடத்தைக் காட்டி, இதில் இருப்பதும் வெள்ளம்தான் என்றார். அந்தப் பக்கத்தில் குடிக்கும் தண்ணீருக்கே வெள்ளம் என்று பெயர் என்பதையும், கன்னிப்பூ எனப்படும் முதல் போக நெல் சாகுபடிக்காக அணையைத் திறந்துவிட்டார்கள் என்பதையும் அப்போதுதான் அறிந்தேன்.

மறுநாள் காலையில் அதே படிக்கட்டில் பாட்டியோடு நானும் உட்கார்ந்திருந்தேன். தண்ணீரைக் காண்பதற்கு முன்பே ஒரு சலசலப்பு கேட்டது. பிறகு வளைவில் ஒரு பழுப்பு நிறச் சுருள் தெரிந்தது. மாதக்கணக்கில் சானலில் விழுந்து கிடந்த ரப்பர் இலைகளையும் தென்னம்பாளைகளையும் நுரையோடு உருட்டிக்கொண்டு, ஒரு மனிதர் நடக்கும் வேகத்தில் வந்தது. அதற்கு முன்னால் நான்கைந்து சிறுவர்கள் சானலுக்குள்ளேயே ஓடிவந்தார்கள். கால் நனைவதற்குள் அடுத்த படிக்கட்டை அடைந்துவிட வேண்டும் என்பது அவர்களின் பந்தயம். பாட்டி எழுந்து, முதலில் வந்த குப்பையும் கலங்கலும் கடந்து போகும்வரை காத்திருந்து, இரண்டு கைகளிலும் அள்ளி முகத்தில் விட்டுக்கொண்டார். நானும் தண்ணீரின் தலைப்போடு கூடவே ஒரு மணி நேரம் கரையில் நடந்தேன். வழியெல்லாம் வீட்டு வாசல்களில் ஆட்கள் அதைப் பார்க்க நின்றுகொண்டிருந்தார்கள்.

களியக்காவிளை பக்கத்துக்காரர்:

மேலே எழுதியவர் தண்ணீர் வந்த சானலைப் பார்த்தார். எங்கள் பக்கத்துச் சானலில் நடந்தால் வேறொன்று தெரியும். 1956 நவம்பர் 1-ல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் தமிழகத்தோடு சேர்ந்தன. நெய்யாறு என்ற ஆறு அந்தப் பக்கம் கேரளத்தில் இருந்தது. அதன் இடதுகரைக் கால்வாய் வழியாக விளவங்கோட்டின் ஏறக்குறைய 9,200 ஏக்கர் நிலத்துக்குத் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. 2004-ல் கேரளம் அதை நிறுத்திவிட்டது.

என் மகனை அழைத்துக்கொண்டு அந்தக் கால்வாய்க்குள் இறங்கி நடந்தேன். கரையில் நடக்க முடியாதபடி சில இடங்களில் புதர் மண்டியும் மண் சரிந்தும் இருந்ததால், கால்வாயே எங்களுக்குப் பாதையாயிற்று. ஓரிடத்தில் பெரியவர் ஒருவர் உள்ளே பசுவை மேய்த்துக்கொண்டிருந்தார். அவர் காட்டிய நிலத்தில் மரச்சீனியும் (மரவள்ளி) வாழையும் நின்றன. இரு பூவும் நெல் விளைந்த வயல் அது என்றார். மதகின் பலகை செருகும் பள்ளத்தை விரலால் தடவி, எத்தனை பலகை எடுத்தால் எந்த வயல்வரை தண்ணீர் பாயும் என்று மகனுக்கு அவர் கணக்குச் சொல்லிக்கொடுத்தபோது என்னால் அங்கே நிற்க முடியவில்லை. கேரளத்தில் இருக்கும் தம் தங்கை வீட்டுக்கு இதே கரையில் நடந்துதான் போவாராம். அங்கே அவருக்குச் சோறு போடும் தங்கைக்கும் இதில் வருத்தம்தான் என்றார். சுற்றிப்பார்க்க வருகிறவர்கள் இந்த வறண்ட கால்வாயிலும் ஒரு மணி நேரம் நடக்க வேண்டும் என்று நான் விரும்புகிறேன்.

முன்சிறையிலிருந்து ஒரு பெண்:

எங்கள் ஊர் நடை ஆண்டுக்கு ஒருமுறை சிவாலய ஓட்டமாக மாறும். சிவராத்திரிக்கு முந்தைய நாள் திருமலை மகாதேவர் கோயிலில் தொடங்கி, திருநட்டாலம் வரை பன்னிரண்டு சிவாலயங்களையும் தரிசித்தபடி, நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவைப் பக்தர்கள் ஓடியும் நடந்தும் கடப்பார்கள். கையில் சாமிக்கு வீசுவதற்கான பனையோலை விசிறி இருக்கும். சிவன் கோயில்களுக்கு ஓடினாலும் வாயில் "கோபாலா, கோவிந்தா" என்ற அழைப்புதான் இருக்கும். அப்பாவின் கால் ஒத்துழைக்காமல் போன ஆண்டில், அவர் மனம் ஆறட்டும் என்று, இரண்டாவது கோயிலான திக்குறிச்சி வரை மட்டும் அவரோடு நடந்தேன். வழியில் தெருவோரம் மேசை போட்டு மோரும் சுக்குநீரும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஓடி வந்த இளைஞர் ஒருவர் அப்பாவின் நடையைப் பார்த்து வேகத்தைக் குறைத்து, திக்குறிச்சி ஆற்றுத்துறை வரை எங்களோடு நடந்தே வந்தார். ஆற்றில் குளித்து ஈரத்துணியோடு மீண்டும் ஓடப் புறப்பட்டபோது, அப்பாவின் விசிறியை வாங்கிக்கொண்டு, மீதிக் கோயில்களில் அவருக்காகவும் வீசுவதாகச் சொன்னார். இரண்டு நாள் கழித்து அதைத் திருப்பிக் கொடுக்க எங்கள் வீட்டைத் தேடி வந்தார். விசிறியின் ஓரம் கிழிந்திருந்தது. இப்போதும் பூஜை அறையில் அதை வைத்திருக்கிறோம்.

கேள்வியாக ஒன்று:

அம்மாவுக்கு எழுபது வயதாகிறது. முழங்கால் வலி உண்டு. அவரோடு நடக்க எது பொருத்தம்?

தொடங்கி வைத்தவர்:

சிதறால் மலைக்கோயிலுக்கு அழைத்துப் போங்கள். மலை என்று பெயர் இருந்தாலும் கல் பாவிய பாதை மெதுவாகத்தான் ஏறுகிறது. கொல்லாமர (முந்திரி மர) நிழலில் உட்கார்ந்து உட்கார்ந்து போகலாம். மேலே பாறை முகத்தில் சமணத் தீர்த்தங்கரர்களின் புடைப்புச் சிற்பங்கள் வரிசையாக இருக்கின்றன. பகவதி கோயிலாக மாறிய பிறகும் அவை அப்படியே காக்கப்பட்டிருக்கின்றன. முழங்காலுக்கு அதுவும் சிரமம் என்றால், ஆடி அமாவாசையை ஒட்டிக் குழித்துறைக்கு வாருங்கள். அன்று அங்கே ஓடும் குமரித் தாமிரபரணிக் கரையில் (நெல்லை ஆறு அல்ல) முன்னோருக்குப் பலி, அதாவது தர்ப்பணம், கொடுத்துவிட்டு, அருகே நடக்கும் வாவுபலிப் பொருட்காட்சியில் மரக்கன்றுகளை வாங்கிக் கையில் பிடித்துக்கொண்டு மக்கள் வீடு திரும்புவதைப் பார்க்கலாம்; மேடு பள்ளமில்லாத நடை. ஆற்றின் குறுக்கே இருக்கும் சப்பாத்து என்ற தரைப்பாலத்தில் மட்டும், மழை பெய்து தண்ணீர் அதன்மேல் புரளும் நாளில் கால் வைக்க வேண்டாம். எவ்வளவு பழகியவர்களும் அதில் வழுக்கியிருக்கிறார்கள். சானல் கரை என்றால், தண்ணீர் ஓடும் நாட்களில் அம்மாவை உட்பக்கம் நடக்கச் சொல்லி நீங்கள் தண்ணீர்ப் பக்கம் நடந்து வாருங்கள். வரும் நாளை முன்கூட்டியே எழுதினால், மாத்தூரில் நானும் சேர்ந்துகொள்கிறேன்.