இஞ்சி பீரில் கேஸ் ஏறவில்லை

(மல்லேஸ்வரம் தமிழ்க் குடும்பங்கள், வாட்ஸ்அப் குழு)

கார்த்திக்: செல்வி அக்கா, வீட்டில் போட்ட இஞ்சி பீரை நேற்று திறந்தோம். வாசனை அருமை, உறைப்பும் சரி. கேஸ்தான் இல்லை. ஒரு பாட்டில் மட்டும் சுர்ரென்றது, மற்றதெல்லாம் பானகம் மாதிரி இருக்கிறது.

செல்வி: எத்தனை நாள் வெளியே வைத்தாய்?

கார்த்திக்: இரண்டு நாள் சமையல் மேடையில். அப்புறம் ஃபிரிட்ஜ்.

செல்வி: இந்த டிசம்பரிலா? பெங்களூரில் ராத்திரி 16 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. புளிக்கவைத்துக் கேஸ் உண்டாக்கும் ஈஸ்ட் மெதுவாகத்தான் வேலை செய்யும். மே மாதத்தில் இரண்டு நாளில் ஏறும் கேஸுக்கு இப்போது நாலைந்து நாள் ஆகலாம். ஃபிரிட்ஜுக்குப் போனதும் அது கிட்டத்தட்ட தூங்கிவிடும்.

பத்மா மாமி: இன்னும் கொஞ்சம் சர்க்கரை போட்டால் ஏறாதாடா கார்த்தி?

கார்த்திக்: நானும் அதைத்தான் நினைத்தேன் மாமி. பீர் செய்முறையில் லிட்டருக்கு 6, 7 கிராம் சர்க்கரை சேர்த்து மூடச் சொல்கிறார்கள்.

செல்வி: வேண்டாம் மாமி. பீர் கதை வேறு. அதில் இருக்கும் சர்க்கரையை ஈஸ்ட் ஏற்கெனவே தின்று முடித்திருக்கும். அளந்து போடும் அந்த 6, 7 கிராம்தான் கேஸ் ஆகும். லிட்டருக்கு 4 கிராம் சர்க்கரை முழுசாகப் புளித்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் கேஸ். நம் இஞ்சி பீரில் இனிப்புக்காக லிட்டருக்கு 80 கிராம் போடுகிறோம். அத்தனையும் மூடிய பாட்டிலுக்குள் புளித்தால் 20 லிட்டர் கேஸ்! எந்தக் கண்ணாடியும் தாங்காது. இதில் சர்க்கரையை வைத்துக் கேஸை அடக்க முடியாது, சரியான நேரத்தில் ஃபிரிட்ஜில் வைத்துத்தான் நிறுத்த வேண்டும்.

கார்த்திக்: சரியான நேரம் எப்போது என்று எப்படித் தெரியும்?

செல்வி: பழைய சோடா பாட்டில், பிளாஸ்டிக்கில். தண்ணீர் பாட்டில் கூடாது, அது மெல்லியது. சோடா பாட்டிலின் அடியில் ஐந்து கால் மாதிரி புடைப்பு இருக்கும், பார். மேலே இரண்டு விரல் இடம் விட்டு ஊற்றி இறுக்கி மூடு. தினமும் காலையும் மாலையும் அழுத்திப் பார். கடையில் வாங்கிய சோடா போல விரலுக்கு அசையாமல் கல்லாக நின்றால் உடனே ஃபிரிட்ஜ். நாள் கணக்கை நம்பாதே, கையை நம்பு.

தாமஸ் சார்: செல்வி சொல்வது சரி. ஆனால் ஒரே கலவையில் ஒரு பாட்டிலுக்கு மட்டும் கேஸ் ஏறியிருக்கிறதே. மற்றவற்றில் மூடியின் ரப்பர் வாஷர் கசிகிறது என்றுதான் எனக்குப் படுகிறது. மூடியைப் பூட்டித் தண்ணீருக்குள் கவிழ்த்துப் பாருங்கள், குமிழி வந்தால் ரப்பரை மாற்றுங்கள். கோலி சோடாவிலும் இதே விஷயம்தான். 1872-இல் ஹிராம் காட் காப்புரிமை வாங்கிய பாட்டில் அது. உள்ளே இருக்கும் கேஸே கோலியை ரப்பர் வளையத்தோடு அழுத்திப் பிடிக்கும். வளையம் காய்ந்தால் எல்லாம் போச்சு.

கார்த்திக்: பாட்டில்கள் சதுரமாக, அழகுக்கு வாங்கியவை சார்.

தாமஸ் சார்: ஐயோ, அதில் கேஸ் ஏற்றவே கூடாது. சதுரக் கண்ணாடி அழுத்தம் தாங்காது, மூலையில் விரிசல் விடும். இன்றைக்கே மாற்றுங்கள் தம்பி.

செல்வி: ஆமாம் கார்த்திக், முதலில் அதைச் செய். சுர்ரென்ற பாட்டிலை எடுக்கும்போது மேலே துண்டு போட்டுக்கொள். எல்லாவற்றையும் சோடா பாட்டிலில் ஊற்றி வெளியே வை, ஈஸ்ட் திரும்ப எழுந்துகொள்ளும். கல்லானதும் ஒரு முழு நாளாவது ஃபிரிட்ஜில் இருக்கட்டும். குளிர்ந்தால்தான் கேஸ் நீரில் நன்றாகக் கரையும். சூட்டோடு திறந்தால் பாதி நுரையாகவே போய்விடும்.

பத்மா மாமி: பேத்திக்குக் கொடுக்கலாமா?

செல்வி: வேண்டாம் மாமி, புளிக்கும்போது கொஞ்சம் ஆல்கஹாலும் சேரும். அவளுக்கு இஞ்சிப் பாகில் எலுமிச்சை பிழிந்து, சாதா சோடா ஊற்றிக் கொடுங்கள்.

கார்த்திக்: எழுந்துகொள்ளாவிட்டால் என்ன செய்வது அக்கா?

செல்வி: என்னிடம் நல்ல ஸ்டார்ட்டர், அதாவது புளிக்கவைக்கும் ஈஸ்ட் கலவை, இருக்கிறது, ஜாடியில் பொங்கிக்கொண்டிருக்கிறது. ஏழு மணிக்கு மேல் வந்து இரண்டு கரண்டி வாங்கிக்கொண்டு போ. கொண்டுவரும் டப்பாவின் மூடியை மட்டும் இறுக்கிவிடாதே.