பித்தளைக் கைப்பிடி வேலி வளைவில் பெயர்ந்து வருது, பிளாஸ்டிக் மேல வெள்ளைப் படிவு: உதவி தேவை

சிப்புட் கப்பல்காரன்

எல்லாருக்கும் வணக்கம். இடம் சுங்கை சிப்புட். மேசை மேல இருக்கிறது டாமியா கம்பெனியோட பிளாஸ்டிக் மாடல் கப்பல், 1/350 (நிஜத்துல 350-ல ஒரு பங்கு) அளவுல பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ். 1941 டிசம்பர் 10-ஆம் தேதி குவாந்தான் கடல்ல ஜப்பான் விமானங்கள் மூழ்கடிச்ச அதே பிரிட்டிஷ் போர்க்கப்பல். பிளாஸ்டிக் வேலை முக்கால்வாசி முடிஞ்சிருச்சு. 65 சென்டிமீட்டர் நீளத்துல பார்க்கவே கம்பீரமா இருக்கு. தொல்லை எல்லாம் தனியா வாங்கின ஃபோட்டோ எட்ச் பித்தளைத் தகட்டுலதான், அதாவது மெல்லிசான உதிரிகளை ரசாயனத்துல அரிச்சு எடுத்த தகடு. அதுலயும் மேல்தள ஓரத்துல வர்ற கைப்பிடி வேலி உயிரை வாங்குது.

நேரா போற இடத்துல வேலி ஒழுங்கா நிக்குது. கப்பல் மூக்குப் பக்கம் வளையுற இடத்துலதான் நிக்க மாட்டேங்குது. ராத்திரி ஒட்டி விட்டா கெட்டியா பிடிச்சிருக்கும். காலையில பார்த்தா ஒரு முனை வெளியே நீட்டிக்கிட்டு இருக்கும். அந்த முனையை ஒட்டினா நடுவுல விட்டுடும்.

அடுத்தது வெள்ளைப் படிவு. கோதுமை மாவைத் தூவி விட்ட மாதிரி இருக்கு. பசை பட்ட இடத்துல வந்தா சரி, பசையே படாத புகைபோக்கியிலயும் படிஞ்சிருக்கு. கப்பலோட பக்கவாட்டுல என் விரல் ரேகைகூட வெள்ளையா, வரி வரியா தெரியுது! இன்னும் பெயின்ட் அடிக்கலை, வெறும் சாம்பல் பிளாஸ்டிக்தான்.

பசை, இரும்புச் சாமான் கடையில வாங்குற நீர்த்த சூப்பர் குளூ. மலிவா இருக்கேன்னு சந்தேகப்பட்டு ஈப்போவுல மாடல் கடைக்குப் போய் விலை கூடின போத்தலும் வாங்கிப் பார்த்தாச்சு. ரெண்டும் ஒரே கதை. இன்னொண்ணு, எங்க வீட்டு வாசல்ல செம்பனை ஆலைக்குப் போற லாரிப் பாதை. தூசு தாங்காது லா. அதனால ஒட்டி முடிச்ச கையோட கப்பலை மூடி போட்ட பெரிய பிளாஸ்டிக் பெட்டிக்குள்ள வச்சிடுவேன்.

இதைவிட வலுவான பசை எது? பேரைச் சொன்னா வாங்கிடுறேன்.

கிள்ளான் தம்பி

அண்ணே, வெள்ளைப் படிவுக்கு நகப்பூச்சு துடைக்கிற தண்ணி போதும். பஞ்சுல தொட்டுத் துடைங்க. விரல்ல ஒட்டின சூப்பர் குளூவை நான் அப்படித்தான் எடுப்பேன், அக்காவுக்குத் தெரியாம.

தைப்பிங் தாத்தா

நிறுத்துப்பா! அந்தத் தண்ணியில பெரும்பாலும் அசிட்டோன் இருக்கும். சூப்பர் குளூவைக் கரைக்கும், வாஸ்தவம். கூடவே கப்பலையும் கரைச்சிடும். இந்த மாடல் எல்லாம் பாலிஸ்டைரின். அசிட்டோன் பட்டா அந்த இடமே கொழகொழன்னு ஆகிடும். பெயர்ந்து வந்த பித்தளைத் துண்டுல பழைய பசை ஒட்டியிருந்தா, அதை மட்டும் கண்ணாடிக் கிண்ணத்துல அசிட்டோன் ஊத்தி ஊற வைக்கலாம். ஜன்னல் திறந்திருக்கணும், பக்கத்துல நெருப்பு கூடாது.

சிப்புட் தம்பி, நீ எழுதினதுல அந்த விரல் ரேகைதான் எனக்குத் துப்பு. நான் போலீஸ்ல இருந்து ஓய்வு பெற்றவன். களவு நடந்த இடத்துல கிடைச்ச பொருளை அடைச்ச பெட்டிக்குள்ள வச்சு, சூப்பர் குளூவைச் சூடாக்கி ஆவியா விடுவாங்க. பெட்டிக்குள்ள ஈரப்பதமும் வேணும். கை வேர்வையும் எண்ணெயும் பட்ட கோட்டுல அந்த ஆவி போய் இறுகி, ரேகை வெள்ளையா எழும்பி நிக்கும். உன் மூடி போட்ட பெட்டி ராத்திரி பூரா அந்த வேலையைத்தான் பார்த்துக்கிட்டு இருக்கு.

சூப்பர் குளூ காத்துல காயுற பசை இல்லை. அதோட சரக்கு சயனோஅக்ரிலேட், ஈரம் பட்டாத்தான் இறுகும். அதனாலதான் மத்தியான மழை கொட்டுற நம்ம ஊர்ல ஒரு நொடியில பிடிச்சிக்குது. இறுகாம மிஞ்சின பசை ஆவியா கிளம்பும். போக வழியில்லைன்னா பக்கத்துல எது இருக்கோ அது மேல படியும். பசை கூடக் கூட ஆவியும் கூடும்.

அதனால போத்தல் மூக்கை நேரா கப்பல் மேல வைக்காதே. ஒரு சொட்டைப் பழைய ஓடு மேல விட்டுக்கோ. தையல் ஊசிக் காதோட மேல் வளைவை வெட்டிட்டா ரெண்டு முனைக் கவை கிடைக்கும். அதுல தொட்டு வை, அந்தக் கவையில நிக்கிற அளவே தாராளம். ஒட்டின பிறகு பெட்டியில அடைக்காம காத்தாடியை மெதுவா, கப்பல் மேல நேரா அடிக்காம பக்கத்துல சுத்த விடு. லாரித் தூசுக்குப் பழைய கொசுவலைத் துணியைக் கம்பி வளையத்துல மாட்டிக் கவிழ்த்து வச்சிக்கோ. மறுநாள் எப்படி வேணாலும் மூடிக்கோ.

இப்போ படிஞ்சிருக்கிறதுக்குப் பயப்படாதே. வெதுவெதுப்பான சோப்புத் தண்ணியில மெல்லிய பிரஷ்ஷால கழுவு, கை எண்ணெயும் போயிடும். தடிப்பா இருக்கிற இடத்துல மட்டும் 2000 நம்பர் உப்புத்தாளை நனைச்சு லேசா தேய். மிச்சம் பெயின்ட்டுக்குக் கீழே மறைஞ்சிடும்.

வேலி பெயர்றது வேற விஷயம். அதுக்கு ஈப்போவுல ஒருத்தர் இருக்கார், வரட்டும்.

பத்தர் பேரன்

வந்துட்டேன் ஐயா.

அண்ணே, வலுவான பசையைத் தேடி இனிமே வெள்ளியைச் செலவு பண்ணாதீங்க. சூப்பர் குளூவைப் பக்கவாட்டுல இழுத்துப் பாருங்க, நல்லா தாங்கும். ஓரத்துல இருந்து உரிச்சா சட்டுனு விட்டுடும். உங்க வேலி நீங்க தூங்குற நேரம் பூரா தன்னைத்தானே உரிச்சிக்கிட்டு இருக்கு. ஆலையில உருட்டி வந்த பித்தளைத் தகடு விறைப்பா இருக்கும். கையால வளைச்சுப் பிடிச்சு ஒட்டினாலும், நேரா நிமிரணும்னே பார்க்கும். நேர் ஓரத்துல நிக்கிற வேலி மூக்குல நிக்காத காரணம் அதுதான்.

எங்க தாத்தா நகை வேலை செஞ்சவர். கம்பியை இழுக்க இழுக்க இறுகிப் போகும், அப்பப்போ நெருப்புல காட்டி இளக்கிட்டுத்தான் மறுபடி இழுப்பார். இங்கேயும் அதைத்தான் செய்யணும். வளைக்க வேண்டிய வேலியை, அது ஒட்டியிருக்கிற தகட்டுச் சட்டத்தோட குறட்டுல பிடிச்சு, கேஸ் அடுப்புத் தீ ஓரத்துல மெதுவா நகர்த்துங்க. விளக்கை அணைச்சிட்டா நிறம் தெரியும். மங்கின சிவப்பு வந்ததும் எடுத்துடணும். தகடு காகித கனம்தான், சில நொடியிலயே அந்த நிறம் வந்துடும். அசந்தீங்கன்னா கம்பி உருகி அறுந்துடும். முதல்ல வெறும் சட்டத்து ஓரத்தை வெட்டிப் பழகுங்க.

ஆறினதும் கருப்படிச்சு இருக்கும். குத்துவிளக்குக்கு அம்மா போடுற புளியேதான். புளித்தண்ணியில கொஞ்ச நேரம் போட்டு, பழைய பல் பிரஷ்ஷால மெல்லத் தேய்ச்சு, நல்ல தண்ணியில அலசிக் காய வைங்க. அதுக்கப்புறம் விரல் படக்கூடாது, இடுக்கிதான்.

எல்லாத் துண்டையும் அடுப்புக்குக் கொண்டு போயிடாதீங்க! ரேடார், பாரந்தூக்கி, விமானம் ஏவுற மேடை இதெல்லாம் விறைப்பா இருந்தாத்தான் அழகு. இளக்கிட்டா மூச்சுக்காத்து பட்டாலே கோணும்.

வளைக்கிற வேலை முழுக்கப் பசைக்கு முன்னாலயே முடியணும். மேல்தளத்துக்கு மேல காகிதத்தை வச்சு ஓரக் கோட்டைப் பென்சிலால எடுத்துக்கோங்க. வேலியைச் சாப்பாட்டுக் குச்சி மேல கொஞ்சம் கொஞ்சமா உருட்டி அந்தக் கோட்டோட பொருத்திப் பாருங்க. கையை எடுத்த பிறகும் கோட்டு மேலயே கிடந்தா சரி. இல்லைன்னா இன்னும் உருட்டணும். நான் இந்த இடத்துலதான் அதிக நேரம் செலவழிப்பேன், ஒட்டுறது அஞ்சு நிமிஷ வேலை.

மூக்கை ஒரே துண்டா சுத்தாதீங்க, இடப்பக்கம் ஒண்ணு வலப்பக்கம் ஒண்ணு. முதல்ல வெள்ளைப் பசையை, பள்ளிக்கூடப் பிள்ளைங்க காகிதம் ஒட்டுற அதேதான், கோடா தொட்டு நிறுத்துங்க. நகர்த்திச் சரி பண்ண நேரம் கிடைக்கும். காய்ஞ்சதும் மூணு நாலு வேலிக் காலுக்கு ஒரு இடத்துல ஊசியால சூப்பர் குளூ. வெட்டுறப்ப ரப்பர் பாய் வேண்டாம், கம்பி அமுங்கிக் கோணும். ஓடு இல்லைன்னா கண்ணாடி.

கிள்ளான் தம்பி

அப்போ பத்தர் மாதிரியே ஈயம் வச்சுப் பற்ற வச்சிடலாமே அண்ணே? பசையே வேண்டாம்.

பத்தர் பேரன்

பித்தளையும் பித்தளையும் சேர்ற பாரந்தூக்கியை மேசையில தனியா வச்சுப் பற்ற வை, அருமையா வரும், நானும் செய்வேன். பிளாஸ்டிக் கப்பல் மேல சூட்டுக்கோலைக் கொண்டு போனா கப்பலுக்கு இன்னொரு குவாந்தான்.

லூமுட் வாசி

கடற்படை ஊர்க்காரன், ஓரமா நின்னு ஒரு வார்த்தை. இந்தக் கப்பலோட மூக்குல வேலி போடுறது மத்த கப்பலைவிடச் சுலபம். முதல் பீரங்கி மேடை நேர் முன்னால தாழச் சுடணும்னு கேட்டதால, இந்த வகைக் கப்பல்களோட முன்தளத்தை அதிகம் உயர்த்தாம கட்டினாங்க. அதோட பலனா பெருங்கடல்ல முன்தளம் நனைஞ்சுகிட்டே இருக்கும், அது வேற கதை. உங்களுக்கு லாபம் என்னன்னா, மேல்நோக்கி ஏறுற வளைவு பேருக்குத்தான். காகிதத்துல எடுத்த கோடே கிட்டத்தட்டப் போதும். முன்தளம் நல்லா ஏறுற கப்பல்னா ரெண்டு பக்கமும் வளையணும், அங்க இந்த வித்தை பாதிதான் பலிக்கும்.

அளவையும் சரிபாருங்க. கைப்பிடி வேலி நிஜத்துல சுமார் ஒரு மீட்டர். 1/350-ல 3 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கம்மி. சில தகடுல ரெண்டு கம்பி வேலியும் மூணு கம்பி வேலியும் பக்கத்துப் பக்கத்துல இருக்கும், வெட்டுறதுக்கு முன்னால படத்தைப் பார்த்துக்கோங்க.

ஈரத்தைப் பத்திப் பேசுறீங்களே, மலாயாவோட வெக்கையும் ஈரமும் அந்தக் கப்பலையே விட்டு வைக்கலை. அதோட விமான எதிர்ப்புப் பீரங்கிகளுக்கு வழிகாட்டுற ரேடார்கள் செயலிழந்ததுக்கு அதையும் ஒரு காரணமா சொல்றாங்க. இப்போ 68 மீட்டர் ஆழத்துல தலைகீழா கிடக்கு.

சிப்புட் கப்பல்காரன்

ஐயா, அண்ணன்மாரே, ரொம்ப நன்றி. ரெண்டு சந்தேகம். செட்டுல ஏணி, படிக்கட்டு எல்லாம் வெள்ளி நிறத் தகடு. அதையும் அடுப்புல காட்டலாமா? அப்புறம், குளிர்சாதனப் பெட்டியில பசையை வச்சா நல்லதுன்னு கேள்விப்பட்டேன், இந்த ஈரத்துல சரி வருமா?

பத்தர் பேரன்

அது எஃகு. அடுப்புச் சூட்டுல இளகாது, கருப்பாகிறதுதான் மிச்சம். ஏணிக்கு வளைவும் தேவையில்லை. படிக்கட்டுல மடிக்கிற கோடு லேசா அரிச்சிருக்கும். அந்தக் கோடு மடிப்புக்கு உள்பக்கம் வரணும், பெரும்பாலான செட்டுல அப்படித்தான். ரெண்டு ஷேவிங் பிளேடுக்கு நடுவுல பிடிச்சு ஒரே தடவையில மடிங்க. முன்னும் பின்னும் ஆட்டினா கோட்டுலயே முறிஞ்சிடும்.

தைப்பிங் தாத்தா

பசையை வைக்கலாம் தம்பி. மைலோ டின்ல சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, போத்தலை நிக்க வச்சு, டின்னை இறுக மூடி வை. எடுத்த உடனே திறக்காதே. சில்லுனு இருக்கிற போத்தலைத் திறந்தா நம்ம ஊர் ஈரம் உள்ளே போய் வேர்த்துடும், பசை அங்கேயே தடிக்க ஆரம்பிக்கும். குளிர் விட்டுப் போத்தல் வெளியே காய்ஞ்ச பிறகு திற.

சிப்புட் கப்பல்காரன்

வேலி நிக்குது! இடப்பக்கம் முழுசும் காகிதக் கோட்டுல தானா படுத்துச்சு, ஒட்டுனதும் அசையலை. வலப்பக்கத்துல ஒரு துண்டு அடுப்புல அறுந்து போச்சு, சட்டத்துல மிச்சம் இருந்ததால தப்பிச்சேன். புளித்தண்ணியைப் பார்த்துட்டு ரசம் வைக்கப் போறியான்னு அம்மா கேட்டாங்க. கொசுவலைக்குள்ள வச்ச பிறகு புதுசா வெள்ளைப் படிவும் இல்லை.

இன்னும் ஒண்ணே ஒண்ணு. மூக்கு நுனியில ரெண்டு வேலியும் சேர்ற இடத்துல 2 மில்லிமீட்டர் இடைவெளி. கொடிக்கம்பத்தை அங்க நட்டு மறைச்சிடலாமா?

லூமுட் வாசி

கப்பல் துறைமுகத்துல நிக்கிற மாதிரி வைக்கிறீங்கன்னா நடுங்க. 1941 டிசம்பர் 2-ல சிங்கப்பூர் வந்து நின்ன கோலம்னு வச்சிக்கலாம். கடல்ல ஓடுற மாதிரி வச்சா மூக்குல கொடிக்கம்பம் வேண்டாம், அதை இறக்கிடுவாங்க.

பத்தர் பேரன்

ஓடுற கப்பல்னா இப்படிப் பண்ணுங்க. பிளாஸ்டிக் உதிரிகள் ஒட்டியிருந்த சட்டக் குச்சியை மெழுகுவர்த்திச் சூட்டுல காட்டி, இளகினதும் வெளியே எடுத்து இழுத்தா மெல்லிசா இழை வரும். வேலியில எத்தனை கம்பியோ அத்தனை இழை, வெள்ளைப் பசையில இந்தப் பக்கத்துல இருந்து அந்தப் பக்கம். பெயின்ட் அடிக்கிறதுக்கு முன்னால பித்தளை மேல உலோக பிரைமர் ஒரு கை அடிச்சிடுங்க, இல்லைன்னா அக்ரிலிக் பெயின்ட் நகம் பட்டதும் உரியும்.