ரெட் டொட் பறவையில் நிற்கிறது, படத்தில் பறவை இல்லை. உதவி!

பனையடி (ஞாயிறு, இரவு 7:12)
வணக்கம். கொஞ்சம் அவசரம். கமராவுக்கு மேலே ரெட் டொட் ஒன்று, அதாவது சிவப்புப் புள்ளியால் குறிபார்க்கிற குறிகாட்டி, பூட்டினேன். வீட்டில் வைத்துச் சரிசெய்தபோது அச்சாக நின்றது. இன்று காலை பண்ணைப் பாலத்தடிக்குக் கொண்டுபோனால் எல்லாம் பிழை. சிவப்புப் புள்ளி ஆலாவின் மேலேயே நிற்கிறது, அமத்தினால் படத்தில் வெறும் வானம். நூறு படத்துக்கு மேல் எடுத்தேன், ஒன்றில் மட்டும் அடிமூலையில் செட்டை நுனி. வரும் சனி திரும்பவும் போகிறேன், மண்டைதீவுப் பக்கம் பூநாரை இறங்கியிருக்குதாம். சாமான் பழுதா, நான் பழுதா?

கடனீரேரி (7:30)
என்ன கமரா? எந்த ரெட் டொட்? எதன் மேல் பூட்டினீர்கள்? எவ்வளவு சூமில் எடுத்தீர்கள்? வீட்டில் சரிசெய்தேன் என்றால் எதைப் பார்த்து, எவ்வளவு தூரத்தில்? வைத்தியரிடம் போய் "நோகுது" என்று மட்டும் சொல்லிவிட்டுக் குந்தியிருக்கிற மாதிரி இருக்கிறது உங்கள் கேள்வி.

சுன்னாகம் திருத்தகம் (7:41)
ஹொட் ஷூவில் பூட்டியிருந்தால் வேறு காரணம் தேடவேண்டாம், அந்தப் பூட்டுத்தான். ஹொட் ஷூ, அதாவது கமரா உச்சியில் இருக்கிற கவ்வி, பிளாஷ் மாட்டுவதற்குச் செய்தது. பிளாஷ் ஒரு பாகை ஆடினாலும் வெளிச்சம் விழும் இடத்தில் விழும். குறிகாட்டி ஒரு பாகை ஆடினால் கதை முடிந்தது. வேறு சாமானை அதில் மாட்ட விற்கிற மாற்றிகளில் (அடப்ரர்) நான் பார்த்த மலிவுப் பிளாஸ்ரிக் எல்லாம் கையால் தட்டினாலே ஆடுகின்றன.

மூத்தகண் (8:05)
தம்பி, நான் பறவை பார்க்கத் தொடங்கியபோது உமக்குப் பால்பல் விழுந்திருக்காது. இந்த விளையாட்டுச் சாமான் ஒன்றும் தேவையில்லை. இரண்டு கண்ணையும் திறந்து வைத்து, சூமைக் குறைத்துப் பறவையைப் பிடித்து, பிறகு கூட்டவேண்டும். கமராவைப் படிக்காமல் கமராவுக்கு மேலே கடை போடுகிறீர்கள். அதோடு விஆர், அந்தக் கைநடுக்கம் சமாளிக்கிற வசதி, போட்டிருப்பீர். லென்ஸுக்குள் ஒரு கண்ணாடி அசைந்து கொண்டிருந்தால் புள்ளி எப்படிப் பொருந்தும்? விஆரை நிறுத்தும், சரிவரும்.

ரெக்சாஸ் கொடிகாமத்தான் (8:22)
ஐயா சொல்வதை விடு தம்பி. நான் என் கிளாக் 43எக்ஸ் எம்.ஓ.எஸ்.இல் ரெட் டொட் பூட்டி இரண்டு வருடம். சட்டைக்குள் வைத்துக்கொண்டு போகிற சின்னத் துவக்கு. அதில் ரெட் டொட் இருப்பது ஸ்லைடுக்கு, அதாவது துவக்கின் நகரும் மேற்பகுதிக்கு, மேலே. ஒவ்வொரு வெடிக்கும் ஸ்லைடு பின்னால் போய் முன்னால் வந்து அடிக்கும், ரெட் டொட்டும் கூடவே போகும். முதல் மாதமே ஸ்குறூ இளகி, புள்ளி இடப்பக்கம் நடக்கத் தொடங்கிவிட்டது. இரண்டு ஸ்குறூவிலும் நீலப் பூட்டுப் பசை ஒரு துளி, இறுக்கும் அளவு பார்த்து இறுக்கினேன். பிறகு ஸ்குறூத் தலையிலிருந்து உடம்பு வரைக்கும் வெள்ளைப் பெயின்ரால் ஒரு கோடு. கோடு முறிந்தால் இளகிவிட்டது என்று கண்ணாலேயே தெரியும். உன்னுடையதும் ஸ்குறூப் பிரச்சினைதான், எழுதி வைத்துக்கொள்.

சுன்னாகம் திருத்தகம் (8:31)
அண்ணை, உங்களுடையது இரும்பு. இவருடைய மாற்றி பிளாஸ்ரிக்காக இருந்தால் அந்தப் பசையைக் கிட்டவும் கொண்டுபோகக் கூடாது. சில பிளாஸ்ரிக்கை அது வெடிக்கவைக்கும். திருத்த வந்த சாமானில் நானே பார்த்திருக்கிறேன்.

ஸ்காபரோ மணல்காடு (8:50)
பறவை படம் எடுக்கிற இழைக்குள் சட்டைக்குள் துவக்கு எதற்கு? இங்கே கனடாவில் 2022 ஒக்ரோபர் 21இலிருந்து ஆட்கள் கைத்துவக்கு வாங்கவும் முடியாது விற்கவும் முடியாது. நாங்கள் ஒன்றும் குறைந்து போகவில்லை.

ரெக்சாஸ் கொடிகாமத்தான் (8:58)
கேட்டது ரெட் டொட், சொன்னது ரெட் டொட். இந்தச் சாமானைக் கூடுதலாக உபயோகிக்கிறவன் துவக்குக்காரன்தான், அவனிடம் கேட்காமல் ஆரிடம் கேட்பது? ரெக்சாஸில் 2021 செப்ரெம்பரிலிருந்து, தகுதியுள்ளவன் அனுமதிப்பத்திரம் இல்லாமலே இடுப்பில் வைத்துக்கொண்டு போகலாம். சட்டப்படிதான் வைத்திருக்கிறேன்.

ஸ்காபரோ மணல்காடு (9:04)
சட்டப்படி என்பதை யாழ்ப்பாணத்துக்காரருக்குச் சொல்லிக்காட்ட வேண்டாம். துவக்கைப் பார்த்து அலுத்த சனம் நாங்கள். ஊரில் 1916ஆம் ஆண்டுச் சுடுகலன் கட்டளைச் சட்டம் இன்னும் இருக்கிறது, தோட்டத்துக்குப் பன்றி விரட்ட ஒரு துவக்கு என்றாலும் வருடாவருடம் அனுமதி புதுப்பிக்கவேண்டும்.

மூத்தகண் (9:10)
இரண்டு பேரும் வெளிநாட்டில் இருந்து கொண்டு மண்டைதீவுப் பறவைக்குச் சட்டம் பேசுகிறீர்கள். விஆரை நிறுத்தச் சொன்னேன், நிறுத்தினாரா?

பனையடி (9:47)
மன்னிக்கவும், மின்சாரம் நின்றுவிட்டது. கமரா நிக்கொன் பி950. முழு சூம், 2000 மில்லிமீற்றர். ரெட் டொட் மாமா வெளியிலிருந்து கொண்டுவந்தது, துவக்குக்குப் பூட்டுகிறது மாதிரித்தான், பெயர் ஒன்றும் அதில் இல்லை. ஹொட் ஷூவில் ஒரு மாற்றி, அதற்கு மேல் ரெட் டொட் கவ்வுகிற ரெயில், அதற்கு மேல் இது. மாற்றி அலுமினியம்தான். வீட்டில் கிணற்றடியில் துலாக்கால் ஆணியைப் பார்த்துச் சரிசெய்தேன். விஆர் நிறுத்தியும் பார்த்தேன், அதே கதை.

கடனீரேரி (10:02)
கிணறு நீங்கள் நின்ற இடத்திலிருந்து எத்தனை மீற்றர்? புள்ளி லென்ஸ் நடுவிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது? இன்னொன்று, முக்கியம்: தவறும்போது எப்போதும் ஒரே பக்கமாகத் தவறுகிறதா, கண்டபடியா?

பனையடி (10:15)
அடி வைத்துப் பார்த்தேன், 12 மீற்றர் வரும். உயரம் 9 சென்ரிமீற்றர். தவறுவது எப்போதும் மேலேதான். அதாவது படத்தில் பறவைக்கு மேலே உள்ள வானம் விழுகிறது. சிலவேளை கொஞ்சம் இடம் வலமாகவும் போகிறது.

கடனீரேரி (10:48)
அப்போ சாமான் பழுதில்லை. நீங்களும் முழுப் பழுதில்லை. கிணறுதான் பிழை.

புள்ளி இருப்பது லென்ஸுக்கு 9 சென்ரிமீற்றர் மேலே. 12 மீற்றரில் இருக்கிற ஆணியில் இரண்டையும் பொருத்தியதால், புள்ளியின் பார்வைக் கோடு கீழே சரிந்து போய் 12 மீற்றரில் லென்ஸின் கோட்டை வெட்டுகிறது. வெட்டிய பிறகு நிற்குமா? தொடர்ந்து கீழேதான் போகும். ஆலா நின்றது 120 மீற்றர் என்று வையுங்கள், அது 12இன் பத்து மடங்கு. அந்த இடத்தில் புள்ளி லென்ஸ் பார்க்கும் இடத்துக்கு 81 சென்ரிமீற்றர் கீழே. 2000இல் உங்கள் படச் சட்டத்தின் முழு உயரமே அந்தத் தூரத்தில் ஒன்றரை மீற்றர்தான், நடுவிலிருந்து கீழ்விளிம்புக்கு முக்கால் மீற்றரும் சொச்சமும். புள்ளியைப் பறவையில் வைத்தால் லென்ஸ் பறவைக்கு மேலே வானத்தைப் பார்க்கும், பறவை சட்டத்துக்குக் கீழே விழுந்துவிடும். அந்தச் செட்டை நுனி அடிமூலையில் வந்ததும் அதனால்தான்.

துவக்குக்காரருக்கு இந்தத் தொல்லை இவ்வளவு இல்லை. சின்னத் துவக்கில் புள்ளி குழாய்க்கு மேலே இரண்டு மூன்று சென்ரிமீற்றர்தான், சுடும் தூரமும் கிட்ட. உங்களுக்கு உயரமும் கூட, தூரமும் கூட, சட்டமோ முக்கால் பாகை.

செய்யவேண்டியது: தூரத்தில் பொருத்துங்கள். அரை கிலோமீற்றருக்கு அப்பால் அசையாத ஒன்று, தொலைபேசிக் கோபுர உச்சி நல்லது. முதலில் கமராவை முக்காலியில் பூட்டி, திரையின் நடுவில் கோபுர உச்சியைக் கொண்டுவந்து நிறுத்துங்கள். பிறகு கமராவைத் தொடாமல் புள்ளியை மட்டும் திருகி அதே உச்சிக்குக் கொண்டுவாருங்கள். ஒரு கிளிக் ஒரு எம்.ஓ.ஏ. என்றால் ஏறக்குறைய 26 கிளிக் மேலே போகும். எம்.ஓ.ஏ. என்பது பாகையில் அறுபதில் ஒன்று, 100 மீற்றரில் 2.9 சென்ரிமீற்றர்.

அப்படிச் செய்தால் இரண்டு கோடும் சமாந்தரம். எந்தத் தூரத்திலும் பிழை அதே 9 சென்ரிமீற்றர்தான், 120 மீற்றரில் அதை ஆரும் காணமாட்டார்கள். ஆனால் வேலியில் வந்து குந்துகிற மீன்கொத்தி 12 மீற்றரில் சட்டத்துக்கு வெளியே போய்விடும். கிட்ட உள்ளதற்குச் சூமைக் குறையுங்கள், இல்லாவிட்டால் புள்ளியைப் பறவைக்கு நாலு விரல் மேலே வையுங்கள்.

ரெக்சாஸ் கொடிகாமத்தான் (10:55)
இடம் வலமாகப் போவதற்கு என்ன கணக்கு? அது ஸ்குறூ.

சுன்னாகம் திருத்தகம் (11:03)
அது பூட்டு. ஹொட் ஷூவுக்குள் மாற்றியின் கால் தளர்வு. சட்டத்தின் பாதி அகலம் அரைப் பாகை என்றால், அந்தக் கால் ஒரு மயிரளவு திரும்பினாலே போதும். பழைய போன் அட்டை, குளிசை அட்டை ஏதாவது மெல்லியதாக வெட்டி, காலுக்குப் பக்கத்தில் செருகி இறுக்குங்கள். வளையத்தைக் கையால் மட்டும் இறுக்குங்கள், குறடு வேண்டாம், ஷூ பிடுங்கிக்கொண்டு வரும். இன்னொன்று, கடல் காற்றில் கொண்டுபோய்விட்டு வந்தால் பற்றரி மூடியைத் திறந்து துடையுங்கள். உள்ளே பச்சை பூத்து, புள்ளி மினுங்கத் தொடங்கிய பிறகு என்னிடம் கொண்டுவராதீர்கள்.

மூத்தகண் (11:20)
கணக்கு எல்லாம் சரி. ஆனால் பி950இல் லென்ஸ் குழாயின் பக்கத்தில் ஒரு பொத்தான் இருக்கிறது, அமத்திப் பிடித்தால் சூம் பின்னுக்கு வரும், விட்டால் திரும்ப முன்னுக்குப் போகும். அது எதற்கு வைத்திருக்கிறான்? பறவையைத் தேடத்தான். புத்தகத்தை வாசிக்கிற பழக்கம் இல்லாதவர்களுக்குத்தான் 9 சென்ரிமீற்றர் கணக்கு.

கடனீரேரி (11:31)
ஐயா, பூநாரைக்கு அது சரி, ஒரு இடத்தில் நின்று மேயும். ஆலா தண்ணீருக்குப் பாயும்போது சூம் போய் வருவதற்குள் அது மீனோடு மேலே ஏறிவிடும். பனை உழவாரனை அந்தப் பொத்தானால் பிடித்தீர்கள் என்றால் படத்தைப் போடுங்கள், நான் சந்நிதியில் தேங்காய் உடைக்கிறேன்.

மூத்தகண் (11:34)
படம் இருக்கிறது. பழைய கணினியில்.

கரையோரம் (திங்கள், காலை 6:20)
இரவு முழுக்க வாசித்தேன். ஒருவரும் கேட்கவில்லை, நான் கேட்கிறேன். துவக்குச் சாமானைக் கமராவில் பூட்டிக்கொண்டு தீவுப் பாதையில் நிற்கிறாரே, தூரத்திலிருந்து பார்ப்பவனுக்கு அது என்னமாதிரி இருக்கும்? என் சித்தப்பாவின் ட்ரைபொட் பையையே வழியில் மறித்து இரண்டு தரம் அவிழ்க்கவைத்தார்கள். சட்டம் எதுவாக இருந்தாலும் வெயிலுக்குள் நின்று விளக்கம் சொல்லப்போவது தம்பிதான். கமராவுக்கென்றே செய்த புள்ளி இருக்கிறது, ஒலிம்பஸ் ஈஈ-1, நிக்கொன் டிஎஃப்-எம்1. நேரே ஹொட் ஷூவில் போகும், ரெயில் வேண்டாம், மாற்றி வேண்டாம்.

ரெக்சாஸ் கொடிகாமத்தான் (6:41)
உள்ளே இருப்பது ஒன்றுதான். ஒரு சிவப்பு எல்ஈடி, அதைக் கண்ணுக்குத் திருப்பி அனுப்புகிற வளைந்த கண்ணாடி. கமரா என்று பெயர் எழுதினால் விலை கூடும்.

கரையோரம் (6:48)
அண்ணை, நான் பேசுவது உள்ளே இருப்பதைப் பற்றி இல்லை. வெளியே தெரிவதைப் பற்றி.

ஸ்காபரோ மணல்காடு (7:02)
அதைத்தான் நேற்று இரவிலிருந்து சொல்கிறேன்.

ரெக்சாஸ் கொடிகாமத்தான் (7:05)
நீங்கள் சொன்னது வேறு. நான் துவக்கு வைத்திருப்பதே பிழை என்றீர்கள்.

ஸ்காபரோ மணல்காடு (7:06)
அதுவும்தான்.

கடனீரேரி (7:30)
கரையோரம் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பனையடி, கோபுரம் பார்த்துப் பொருத்துகிறபோதும் முகாம் பக்கம் திருப்பாமல் பாருங்கள். அது சங்கடம் என்றால் இரவில் நிலவைப் பார்த்துச் செய்யலாம், முற்றத்தை விட்டு வெளிக்கிடவே வேண்டாம். நிலவு அரைப் பாகை, உங்கள் சட்ட உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கு பிடிக்கும். ஆனால் இரண்டு நிமிடத்தில் தன் அகலத்துக்கு நகர்ந்துவிடும், அடிக்கடி நடுவுக்குக் கொண்டுவரவேண்டும். புள்ளியின் வெளிச்சத்தையும் ஆகக் குறையுங்கள், இல்லாவிட்டால் இரவில் அது தக்காளிப்பழம் மாதிரித் தெரியும். பகலில் சூரியனுக்குக் கிட்டவும் லென்ஸைக் கொண்டுபோக வேண்டாம்.

சுன்னாகம் திருத்தகம் (செவ்வாய், பகல் 1:15)
என்ன நடந்தது தம்பி?

சுன்னாகம் திருத்தகம் (வியாழன், பகல் 12:40)
ஆளைக் காணவில்லை.

மூத்தகண் (வியாழன், மாலை 5:02)
பொத்தானைக் கண்டுபிடித்திருப்பார்.

பனையடி (சனி, இரவு 8:33)
நிலவில் செய்தேன், 24 கிளிக் போனது. பனடோல் அட்டை வெட்டிச் செருகினேன், இடம் வலம் நின்றுவிட்டது. இன்று ஆலா பாயும்போது பதினொரு படம், ஏழில் முழுப் பறவை. பூநாரை வரவில்லை. எல்லோருக்கும் நன்றி. கறுப்பு ரேப் சுற்றித்தான் கொண்டுபோனேன், ஒருவரும் மறிக்கவில்லை.

ரெக்சாஸ் கொடிகாமத்தான் (8:40)
ஸ்குறூவுக்குப் பசை போட்டாயா?

வேலணை பொடியன் (ஞாயிறு, காலை 9:17)
அண்ணைமார், என்னிடம் இருப்பது பி900. அதில் ஹொட் ஷூவே இல்லை. எதில் பூட்டுவது?