இரண்டு சர்வர் இருந்தும் சுமை ஒன்றின் மேலேயே விழுகிறது: வழி சொல்லுங்கள்

நண்பர்களுக்கு வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து எழுதுகிறேன். ரத்ததானம் செய்வோரின் பட்டியலை இணையத்தில் தரும் ஒரு சிறிய சேவையை நாங்கள் நான்கு பேர் நடத்துகிறோம். நள்ளிரவில் பக்கம் திறக்காவிட்டால் தேடுகிற குடும்பம் என்ன பாடுபடும்!

முன்னால், வரும் கோரிக்கைகளைச் சர்வர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் ஹெச்ஏபிராக்ஸி இரண்டு; கீப்அலைவ்டு என்ற மென்பொருள் வழியாக, இரண்டில் இயங்கும் ஒன்றுக்குத் தாவிக்கொள்ளும் ஒரே மிதக்கும் ஐபி முகவரி. ஒன்று விழுந்தால் மற்றது சில நொடிகளில் பொறுப்பேற்கிறது. அதில் குறையில்லை. பின்னால் இருக்கும் இரண்டு சர்வர்களில்தான் சிக்கல். ஒன்று திணறுகிறது, மற்றது சும்மா கிடக்கிறது. வருபவரின் ஐபியைப் பார்த்துப் பிரிக்கும் 'சோர்ஸ்' முறையை வைத்திருந்தோம். கைபேசி நிறுவனங்கள் ஆயிரக்கணக்கானவர்களைச் சில முகவரிகளுக்குள் அடைத்துவிடுவதால், கூட்டம் முழுவதும் ஒரே பக்கம் சாய்கிறது என்று நினைக்கிறேன். இணைப்புகள் குறைவாக உள்ள சர்வருக்கு அனுப்பும் 'லீஸ்ட்கான்' முறைக்கு மாறினால், லாகின் செய்து உள்ளே நுழைந்தவரின் அடுத்த கோரிக்கை மற்ற சர்வருக்குப் போய், அவர் பாதியில் வெளியேற்றப்படுகிறார். பிரவுசரில் வைக்கும் சிறு குறிப்பான குக்கியால் ஒருவரை ஒரே சர்வரில் ஒட்டவைப்பதா, அவர் உள்ளே இருக்கும் விவரமான செஷனை ரெடிஸ் என்ற நினைவகத் தரவுத்தளத்தில் இரண்டு சர்வருக்கும் பொதுவாக வைப்பதா? எனக்கு ரெடிஸ்தான் சரியென்று படுகிறது. ஆனால் ரெடிஸ் ஒன்றே ஒன்றாக இருந்தால் அது நின்றதும் எல்லாமே நின்றுவிடுமே.

இன்னொரு கவலை. எல்லாம் ஒரே கட்டடத்தில் இருக்கின்றன. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் இந்த ஊரைப் புரட்டிப் போட்டதை மறக்க முடியவில்லை. புதுச்சேரியில் ஒன்றை வைக்கலாமென்றால், 2024-இல் ஃபெஞ்சல் அந்தப் பக்கமே கரையைக் கடந்தது. திருச்சிக்குக் கொண்டுபோனால் மிதக்கும் முகவரி அவ்வளவு தூரம் தாவாது. தளத்தின் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் மூலம் திருப்பிவிடுவது போதுமா? செய்து பார்த்தவர்கள் உங்கள் அமைப்பை விளக்கினால் பேருதவியாக இருக்கும்.