450 ரிமோட் ஹெலி: முதல் ஸ்பூல்-அப்புக்கு (மோட்டாரை ஓட்டி ரோட்டரைச் சுத்த விடுறது) முன்னாடி என்னென்ன பார்க்கணும்? ஏற்காட்டுக்கு செட்டிங் மாத்தணுமா?

சூரமங்கலம்_450 (கேள்வி):
எல்லாருக்கும் வணக்கம். 450 அளவு எலெக்ட்ரிக் ஹெலி, ஃப்ளைபார் (ரோட்டரோட சேர்ந்து சுத்துற நிலைப்படுத்தும் கம்பி) இல்லாத ஹெட். 325 மி.மீ. கார்பன் பிளேடு, 3எஸ் (மூணு செல்) 2200 எம்ஏஎச் லைப்போ பேட்டரி. கூட்டி முடிச்சு ரிசீவரை ட்ரான்ஸ்மிட்டரோட பைண்ட் பண்ணி இணைச்சும் ஆயாச்சு. மோட்டாரை இன்னும் ஓட்டலை. முதல்ல சேலத்துலயே ஒரு காலி மைதானத்துல ஹோவர் (ஒரே இடத்துல அந்தரத்துல நிறுத்துறது) பழகிட்டு, அப்புறம் ஏற்காட்டுல சொந்தக்காரங்க எஸ்டேட் களத்துல பறக்க விடலாம்னு இருக்கேன். மோட்டாரை ஓட்டும் முன் எந்த வரிசையில சரிபார்க்கணும்? மேலே போனா பிட்ச் (பிளேடோட கோணம்) மாத்தணுமா?

செவ்வாய்ப்பேட்டை_ரோட்டர்:
மெயின் பிளேடு, டெயில் பிளேடு எல்லாத்தையும் கழட்டுங்க. மோட்டாரைப் பின்னுக்குத் தள்ளி பினியனை (மோட்டார் தண்டுல இருக்கிற சின்ன கியர்) மெயின் கியர்ல இருந்து விலக்குங்க. 450-ல 2500 ஆர்பிஎம் ஓடும்போது பிளேடு நுனி மணிக்கு 330 கி.மீ. வேகத்துல சுத்தும். அது மேசை மேல ஓடக் கூடாது.

அடுத்தது ஃபெயில்சேஃப், அதாவது சிக்னல் போனா ரிசீவர் என்ன பண்ணணும்ங்கிற செட்டிங். சில ரிசீவர்கள் சிக்னல் போனா கடைசியா இருந்த த்ராட்டிலையே (மோட்டார் வேகம்) பிடிச்சுக்கும். ஆபத்தே அதுலதான். த்ராட்டில் ஸ்டிக் அடியில இருக்கும்போது மறுபடி பைண்ட் பண்ணி ஃபெயில்சேஃப் பதிவு பண்ணுங்க. பிறகு, விலக்கி வெச்ச மோட்டாரை மெதுவா ஓட விட்டு ட்ரான்ஸ்மிட்டரை அணைங்க. மோட்டார் நிக்கணும். நிக்கலைன்னா மேற்கொண்டு எதையும் தொடாதீங்க, முதல்ல இதைச் சரி பண்ணுங்க. த்ராட்டில் ஹோல்டையும் (மோட்டாரை நிறுத்தி வைக்கிற சுவிட்ச்) இதே மாதிரி பாருங்க. ஸ்டிக் எங்க இருந்தாலும் ஹோல்டு போட்டா மோட்டார் அசையவே கூடாது.

இனி ஸ்வாஷ், அதாவது சர்வோக்களோட அசைவை மெயின் பிளேடுக்குக் கொண்டு போற தட்டு. ஸ்டிக் நடுவில இருக்கும்போது மூணு சர்வோ ஆர்மும் லிங்க்குக்கு 90 டிகிரியில நிக்கணும். சர்வோ ஆர்மை ஒரு பல் மாத்திப் போட்டா சரியாகிறதை சப்-ட்ரிம்ல (சர்வோவோட நடு நிலையை நகர்த்துற செட்டிங்) இழுக்காதீங்க. இழுத்தா ஒரு பக்கம் மட்டும் அதிகமா நகரும், கலெக்டிவ் (எல்லா மெயின் பிளேடுக்கும் ஒண்ணா மாறுற பிட்ச்) ஏத்தும்போது ஸ்வாஷ் சாயும். லெவல் வந்ததும் பிட்ச் கேஜ் மாட்டி நடு ஸ்டிக்ல 0, மேலயும் கீழயும் 10 டிகிரி வெச்சுக்கங்க.

கைரோ (ஹெலி தானா திரும்பினா சரி பண்ற சென்சார்) திசையில பலரும் தடுமாறுறாங்க. ரட்டர் ஸ்டிக்கை வலப்பக்கம் தள்ளி, டெயில் ஸ்லைடர் (டெயில் பிளேடு பிட்சை மாத்துற பாகம்) எந்தப் பக்கம் போகுதுன்னு பாருங்க. இப்போ ஸ்டிக்கை விட்டுட்டு ஹெலியோட மூக்கைக் கையால சட்டுனு இடப்பக்கம் திருப்புங்க. ஸ்லைடர் அதே பக்கம் போகணும். எதிர்ப்பக்கம் போனா, ஹெலி தரையை விட்டதும் பம்பரமா சுத்தும். அதே மாதிரி ஹெலியை முன்னால சாய்ச்சா ஸ்வாஷ் பின்னால சாயணும்.

இரும்போட இரும்பு சேர்ற ஒவ்வொரு ஸ்க்ரூவுக்கும் நீல லாக்டைட் (ஸ்க்ரூ தானா கழராம இருக்கப் போடுற பசை) ஒரு பொட்டு போதும். பிளாஸ்டிக்ல படவே கூடாது, வெடிச்சுப் போகும்.

காபித்தோட்டம்:
மேல சொன்னது எல்லாம் சரி. உயரக் கணக்கை நான் சொல்றேன். சேலம் கடல் மட்டத்துல இருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1500. ரெண்டு இடத்துலயும் ஒரே வெப்பநிலைன்னா மேலே காற்றின் அடர்த்தி சுமார் 14 சதவீதம் குறைவு. ஆனா கீழே 38 டிகிரி, மேலே 22 டிகிரின்னு இருக்கிற நாள்ல அது 9 சதவீதம்தான் வரும். வெயிலே சேலத்துக் காற்றை லேசாக்கிடுது.

9 சதவீதத்தை ஈடுகட்ட 2500 ஆர்பிஎம்மை 2620 ஆக்கினா போதும். ஹெட் ஸ்பீடைத் (மெயின் ரோட்டர் சுத்துற வேகம்) தொடலைன்னா ஹோவர் பிட்ச் அரை டிகிரி போலக் கூடும், ஸ்டிக் கொஞ்சம் மேல நிக்கும். ஹெட் ஸ்பீடை ஏத்துறதுதான் நல்லது. ஏன்னா டெயிலும் அதே லேசான காற்றுலதான் வேலை செய்யுது. கலெக்டிவை வேகமா ஏத்தும்போது டெயில் பிட்ச் எல்லைக்குப் போய் முட்டி மூக்கு திரும்பிடும். ஸ்லைடர் ரெண்டு முனையிலயும் இடிக்காம முழுசா நகருதான்னு கீழேயே பார்த்துட்டு வாங்க.

20 கொண்டை ஊசி வளைவும் ஏறி வந்ததும் பால் லிங்க், டெயில் பெல்ட், பேட்டரி ஸ்ட்ராப் மூணையும் கையால தொட்டுப் பாருங்க. இங்க மூடுபனி சொல்லாம வரும். சில்வர் ஓக் மரங்களோட அடி வெளுக்க ஆரம்பிச்சாலே இறக்கிடுங்க. 30 மீட்டர் தள்ளி நிக்கிற 450-க்கு மூக்கு எது, வால் எதுன்னு தெரியாமப் போயிடும்.

சூரமங்கலம்_450:
ரொம்ப நன்றிங்க. புதுசா பழகுற ஆளுக்குக் கீழேயும் 10 டிகிரி வேணுமா? பயத்துல ஸ்டிக்கை அடியில இழுத்தா தரையில குத்தாதா?

காபித்தோட்டம்:
குத்தும். நார்மல் மோடுல அடியில மைனஸ் 3, மேல பிளஸ் 9 வெச்சு ஆரம்பிங்க. அடியில 0 மட்டும் வெச்சுடாதீங்க, காற்றடிக்கும்போது இறங்க அடம்பிடிக்கும்.

செவ்வாய்ப்பேட்டை_ரோட்டர்:
எனக்கு இதுல உடன்பாடு இல்லைங்க. ரெண்டு பக்கமும் சமமா நேர்கோடா இருந்தா, ஐடில்-அப்புக்கு (ஸ்டிக் அடியில இருந்தாலும் மோட்டார் வேகம் குறையாத மோடு) மாறும்போது ஸ்டிக் பழக்கத்தை மாத்திக்க வேண்டாம். பயம் இருந்தா ஸ்டிக்கை இழுக்கக் கூடாது, ஹோல்டு போடணும். தரையில இருக்கும்போதே விரல் தானா அந்த சுவிட்சுக்குப் போற வரை பழகுங்க.

ஐந்துரோடு_லைப்போ:
மாட்டும்போது முதல்ல ட்ரான்ஸ்மிட்டர், ஹோல்டு, அப்புறம் பேட்டரி. கழட்டும்போது முதல்ல பேட்டரி, கடைசியா ட்ரான்ஸ்மிட்டர். 2200-க்கு 2.2 ஆம்பியர் சார்ஜ் போதும். பறந்து இறங்கின சூட்டோட சார்ஜ்ல போடாதீங்க. நாலு நிமிஷத்துக்கு டைமர் வெச்சு, இறக்கினதும் செல்லுக்கு 3.7 வோல்ட்டுக்குக் குறையாம இருக்கான்னு பாருங்க. நம்ம ஊர் சித்திரை வெயில்ல பூட்டின காருக்குள்ள லைப்போவை விட்டுட்டுப் போகக் கூடாது.

பிளேடு போல்ட்: ஹெலியைப் பக்கவாட்டில சாய்ச்சுப் பிடிச்சா பிளேடு தொங்கக் கூடாது, லேசா உதறினா மடங்கணும். முதல் ஸ்பூலுக்கு 10 மீட்டர் தள்ளி நில்லுங்க, கண்ணாடி போடுங்க, பிளேடு சுத்துற மட்டத்துல யாரும் குனிஞ்சு பார்க்க வேண்டாம். புல்லுல வெச்சுக் கிளப்பினா டெயில் பிளேடு புல்லுல மாட்டும், அடியில ஒரு பிளைவுட் பலகை போட்டுக்கங்க.

மைதானம் ஓமலூர் பக்கம்னா கொஞ்சம் கவனிங்க. விமான நிலையம் காமலாபுரத்துல இருக்கு. 2021 ட்ரோன் விதிப்படி விமான நிலைய எல்லையில இருந்து 8 கி.மீ.க்குள்ள தரையில இருந்தே கட்டுப்பாடு, அனுமதி இல்லாம பறக்க விட முடியாது. அரசோட டிஜிட்டல் ஸ்கை வரைபடத்துல இடத்தைப் பார்த்துட்டுக் கிளம்புங்க.